கிரஹண இரவும் இரண்டு சாவிகளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கடந்த விசுவாவசு வருஷம் ஆவணி மாதம் 22ஆம் நாள் (7-9-2025), ஞாயிற்றுக்கிழமை இரவு, பூர்ண சந்த்ர கிரஹணம் நிகழ்ந்தது. பாரத தேசத்திலிருந்து தொடக்கம் முதல் முடிவு வரை காணக்கூடியதாக அமைந்த கிரஹணம் அது. இரவு 9 மணி 57 நிமிஷத்திற்கு ஸ்பர்சம். 11 மணி 1 நிமிஷம் முதல் 12 மணி 23 நிமிஷம் வரை முழு மறைவு. பின்னிரவு 1 மணி 26 நிமிஷத்திற்கு மோக்ஷம். அடியார்களுள் பலர் அன்றிரவு தீர்த்தமாடி, ஜப தர்ப்பணாதிகளை அநுஷ்டித்திருப்பர். நம் க்ருஹத்திலும் அவ்வாறே நடந்தது. ஆயினும் அன்று நம்மால் ஒரு பிழை நேர்ந்தது. அப்பிழையிலிருந்து எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் தமக்கையார் எழுபத்து நான்கு பிராயம் நிரம்பியவர். நெடுநாளாக நீரிழிவு உடையவர். அன்று காலை அவர் தொலைபேசியில் நம்மை அழைத்து, கிரஹண நியமங்களைக் கேட்டார். சந்த்ர கிரஹணத்திற்கு மூன்று யாமம், அதாவது ஒன்பது மணி நேரம், முன்னதாகவே ஆஹாரத்தை விடவேண்டும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து நாம் சொன்னோம். அவரும் பகல் ஒரு மணிக்கு முன்பே அமுது செய்து முடித்தார். வழக்கம்போல் மாலையில் நீரிழிவு மாத்திரையை மட்டும் உட்கொண்டு, இரவு ஆஹாரத்தை நிறுத்திவிட்டார். மாலை நாம் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எட்டே முக்கால் மணியளவில் அவருக்கு உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின, பேச்சு குழறியது. அவருடைய குமாரர், நம் மருமான், ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். ஓடிவந்து, விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். கருவி 48 என்று காட்டியது. சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தால் அக்கையார் வாயைத் திறக்க மறுத்தார். அந்த நிலையிலும் நியமம் கெடக்கூடாது என்பதே அவருடைய நினைவு. "தம்பி சொன்னான்" என்று முணுமுணுத்தார். நாமே அருகிற்சென்று, "நான்தான் இப்போதும் சொல்கிறேன், குடியுங்கள்" என்று வேண்டிய பிறகே குடித்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

அதன்பின் மருமான் தீர்த்தமாடி, கிரஹண தர்ப்பணத்தைக் குறைவின்றிச் செய்தார். தகப்பனார் பரமபதித்தபின் ஒரு தர்ப்பணத்தையும் விட்டவரல்லர் அவர். எல்லாம் முடிந்து, ஈர வஸ்த்ரத்தைப் பிழிந்துகொண்டே அவர் நம்மிடம் கேட்டார்: "மாமா, கிரஹணம் 9 மணி 57 நிமிஷத்திற்குத் தொடங்கும் என்று கணித்துச் சொன்னவர்களை நம்பித்தான் நாம் ஸ்நானமே செய்கிறோம். அதே விஞ்ஞானம், மாத்திரை போட்டுக்கொண்டவள் பட்டினி கிடக்கக்கூடாது என்று சொன்னால் மட்டும் ஏன் நம்ப மறுக்கிறோம்? இது எந்தக் கணக்கில் சேரும்?"

நாம் வணிகவியல் பயின்று, முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியிற் கணக்கோடு காலம் கழித்தவர். அன்றிரவு நம்மிடம் விடை இல்லை. பின்னர் பல நாள் சிந்தித்து, பெரியோர்களிடம் கேட்டவற்றையும் சேர்த்து, நமக்கு எட்டியதை இங்கே எழுதுகிறோம்.

இக்கேள்விக்கு இக்காலத்தில் இரண்டு விடைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. முதலாவது: நம் சாஸ்த்ரங்கள் சொன்னவை யாவும் விஞ்ஞானமே, ரிஷிகள் அன்றே அறிந்ததை விஞ்ஞானிகள் இன்று கண்டுபிடிக்கின்றனர் என்பது. கிரஹண நாளில் இத்தகைய செய்திகள் கைபேசியில் மழையெனப் பொழிகின்றன. கிரஹண காலத்தில் தீய கதிர்கள் தோன்றி உணவை நஞ்சாக்கும் என்றும், தர்ப்பை அக்கதிர்களைத் தடுக்கும் என்றும் எழுதுகின்றனர். சற்றே நிதானித்தால் இது நில்லாது. சந்த்ரனுக்குச் சொந்த ஒளி இல்லை. அதன்மேல் விழும் ஸூர்ய ஒளியே நமக்குத் திரும்பி வருகிறது. பூமியின் நிழலுள் புகும்போது அவ்வொளி குறைகிறதேயன்றி, புதிதாக ஒரு கதிர் பிறப்பதில்லை. ஆக, சாஸ்த்ரத்தைக் காப்பதாக எண்ணி உண்மையல்லாத ஒன்றைச் சொல்லுகிறோம். தர்ப்பையை இடுவது சாஸ்த்ரம் விதித்ததனால். அதற்குப் பொய்யான ஒரு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதில் வேறொரு ஆபத்தும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒளி செல்வதற்கு இடமாக ஈதர் என்னும் பொருள் எங்கும் நிறைந்துள்ளது என்று மேலை நாட்டு விஞ்ஞானிகள் கருதினர். உடனே நம்மவரிற் சிலர், நம் ஆகாச தத்துவமே அந்த ஈதர் என்று மகிழ்ந்து எழுதினர். 1887இல் மைக்கல்ஸன், மோர்லி என்னும் இருவர் செய்த சோதனையில் ஈதரின் அடையாளம் அகப்படவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அப்பொருளின் தேவையையே நீக்கிவிட்டார். ஈதரோடு ஆகாசத்தை முடிபோட்டவர்களின் நிலை என்னவாயிற்று? விஞ்ஞானம் தன் கொள்கையைத் திருத்திக்கொள்வது அதற்குப் பெருமை. ஆனால், அதன் இன்றைய கொள்கையில் நம் ச்ரத்தையைக் குடிவைத்தால், அது வீட்டை மாற்றும்போதெல்லாம் நாமும் மூட்டையைத் தூக்கவேண்டி வரும்.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. விஞ்ஞானம் அற்பம், நாளுக்கொரு பேச்சுப் பேசுவது, அதைப் பொருட்படுத்த வேண்டா என்பது. இது பக்தியின் மேன்மைபோல் தோன்றும். ஆனால் நம் ஸித்தாந்தத்தில் நிற்பவர் இதைச் சொல்ல இயலாது. உலகம் பொய்த்தோற்றம் என்று கொள்வார்க்குப் புலனறிவை இகழ்வது எளிது. எம்பெருமானார் தரிசனத்திலோ உலகம் ஸத்யம். அதை அறியும் அறிவும் மெய். சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம். ஆழ்வாரும் திருவாய்மொழியின் முதற் பத்திலேயே, உடலில் உயிர்போல அவன் எங்கும் பரந்திருப்பதை அருளிச்செய்தார். அவனுடைய திருமேனியாகிய உலகை அளந்து அறியும் முயற்சியை இகழ்தல், நாம் மெய்யென்று கொண்டதையே இகழ்தலாகும். மேலும், அற்பம் என்று சொன்ன அவ்விஞ்ஞானத்தின் கணிதத்தைக்கொண்டே அன்றிரவு ஸ்நான காலத்தை அறிந்தோம். மருமான் கேட்டது இதைத்தான்.

ஆகவே இரண்டு விடைகளும் கணக்கைத் தீர்க்கவில்லை. பின் எங்ஙனே? நம் பூர்வாசார்யர்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றனர். ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என ப்ரமாணங்கள் மூன்று. கண் முதலிய புலன்களால் அறிவது முதலாவது. கண்ட அடையாளத்தால் காணாததை ஊகித்தறிவது இரண்டாவது. வேதமும் அதன் வழிப்பட்ட நூல்களும் மூன்றாவது. ஸ்வாமி தேசிகன் ந்யாய பரிசுத்தி என்னும் க்ரந்தத்தில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சாஸ்த்ரம் எதைச் சொல்ல வந்தது? வேறு வழியால் அறியக்கூடாததைச் சொல்ல வந்தது. கண்ணாலும் ஊகத்தாலும் அறியக்கூடியதைச் சொல்ல வேதம் வேண்டா. நெருப்புச் சுடும் என்று அறிய யாரும் அத்யயனம் செய்வதில்லை. நெருப்புக் குளிரும் என்று யார் சொன்னாலும் அது ப்ரமாணமும் ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் எம்பெருமானாரே காட்டியருளினார். ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வாதிகரணம் என்னும் பகுதியில், ஈச்வரனை அநுமானத்தால் நிலைநாட்டலாம் என்பாரை அவர் மறுக்கிறார். குடத்தைக் கண்டு குயவன் உண்டென்று ஊகிப்பதுபோல், உலகைக் கண்டு அதைச் செய்தவன் உண்டென்று ஊகிக்கலாமே என்பது எதிர்க்கட்சி. குயவன் உடலுடையவன், அளவுபட்ட சக்தியுடையவன், கர்மத்திற்கு வசப்பட்டவன். அவனை உதாஹரணமாக வைத்து ஊகித்தால் அத்தகையவன் ஒருவனே கிட்டுவான். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டது என்பதும் அவ்வூகத்தால் தேறாது. ஆகையால் ப்ரஹ்மத்தை அறிய சாஸ்த்ரம் ஒன்றே வழி என்று ஸ்தாபித்தருளினார். பக்தி மேலீட்டால், தொலைநோக்கியிற் கடவுளின் கைவரிசையைக் காட்ட முற்படுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். விஞ்ஞானத்தால் ஈச்வரனை நிரூபிக்க முடியவில்லை என்று இன்று ஒருவர் சொன்னால், நமக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை. எம்பெருமானார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதை ஒப்புக்கொண்டு, அதன்மேல் தம் ஸித்தாந்தத்தைக் கட்டினார்.

வங்கியிலே அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று தெரியாத தொகையை அதிலே வைப்பர். விவரம் தெரிந்தவுடன் உரிய கணக்கிற்கு மாற்றிவிடுவர். தெரியாதிருக்கும் அத்தொகையை லாபம் என்று காட்டுபவர் நல்ல கணக்கர் அல்லர். விஞ்ஞானம் இன்னும் விடை காணாத இடங்களையெல்லாம் சுட்டி, இங்கே பாருங்கள் பகவான் என்று சொல்வது அதைப் போன்றதே. நாளை விடை கிடைத்தால் அத்தொகை வேறு தலைப்பிற்குப் போகும். நம் பகவானும் உடன் போவானோ? எம்பெருமான் அனாமத்தில் நிற்கும் பாக்கி அல்லன். தெரிந்தவற்றிற்கும் தெரியாதவற்றிற்கும் ஒருசேர அந்தர்யாமியானவன்.

இவை கொள்கை. நடைமுறையில் இவ்வாறு வாழ்ந்தவர் உண்டோ எனில், உண்டு. கிரஹணத்தைப் பற்றியே அவ்வரலாற்றைச் சொல்லலாம்.

499ஆம் ஆண்டை ஒட்டித் தம் நூலை இயற்றிய ஆர்யபடர், சந்த்ரன் மறைப்பதால் ஸூர்ய கிரஹணமும், பூமியின் நிழலால் சந்த்ர கிரஹணமும் நிகழ்கின்றன என்று தெளிவாக எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வராஹமிஹிரர் ப்ருஹத் ஸம்ஹிதையில் அதையே ஏற்றார். கூடவே, கிரஹண காலத்தில் கொடுக்கப்படும் தானத்திலும் ஹோமத்திலும் ராஹுவுக்குப் பங்கு உண்டு என்ற வரத்தையும் சொன்னார். காரணம் நிழல், அநுஷ்டானம் சாஸ்த்ரம். ஒன்றை ஒன்று அழிக்கவில்லை.

வாக்யப் பஞ்சாங்க முறையில் சந்த்ரனின் கதிக்கு 248 வாக்யங்கள் உண்டு. நாளுக்கு ஒரு வாக்யம். இலக்கங்களைச் சொற்களாக அமைத்து மனப்பாடம் செய்வர். வாரன் என்பவர் காலஸங்கலிதம் என்ற தம் நூலில் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஏட்டையும் பாராமல், சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்தி, அவ்வாண்டின் சந்த்ர கிரஹணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். ஸ்பர்சத்திற் பிழை 4 நிமிஷம்; மத்யத்தில் 23 நிமிஷம்; மோக்ஷத்தில் 52 நிமிஷம். தாளும் எழுதுகோலும் இன்றி இவ்வளவு நெருங்கியதை எண்ணி நாம் கைகூப்புகிறோம். ஆயினும் 52 நிமிஷம் என்பது 52 நிமிஷமே. கிரஹண புண்யகாலம் முடிந்தபின் முக்கால் மணிக்கு மேலாக ஜபம் செய்பவர், அல்லது முடியுமுன்பே எழுந்துவிடுபவர், சாஸ்த்ரம் விதித்த காலத்தைத் தவறவிட்டவரே.

இதை உணர்ந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். கேரளத்தில் வடச்சேரி பரமேச்வரர் பல்லாண்டுகள் கிரஹணங்களைக் கண்ணால் நோக்கி, பழைய கணிதம் வானத்தோடு ஒவ்வாமையைக் கண்டு, 1431இல் த்ருக்கணிதம் என்னும் திருத்தத்தை வகுத்தார். சென்னையிலே சிந்தாமணி ரகுநாதாசார்யர், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்து, நுங்கம்பாக்கத்து வானியல் ஆராய்ச்சிக்கூடத்தில் முதல் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1867இல், ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன் ஒன்றை முதன்முதலிற் கண்டறிந்தார். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த பூர்ண ஸூர்ய கிரஹணத்தை வனபர்த்தி என்னும் ஊரிலிருந்து நோக்கினார். 1874 டிஸம்பர் 9இல் சுக்ரன் ஸூர்ய பிம்பத்தைக் கடந்து செல்லவிருந்ததை முன்கூட்டியே ஜனங்களுக்கு விளக்கும் நூல் எழுதி, பல மொழிகளில் வெளிவரச் செய்தார். இவ்வளவும் கற்றபின் அவர் பஞ்சாங்கத்தைக் கைவிடவில்லை. கண்ணாற் காணும் வானத்தோடு ஒக்கும்படி த்ருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். அநுஷ்டானத்தில் கவலையுடையவனே காலத்தைத் துல்லியமாக அறிய விரும்புவான் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

அந்த 1868ஆம் ஆண்டின் கிரஹணத்தை ஜான்ஸன் என்னும் ப்ரெஞ்சு விஞ்ஞானி குண்டூரிலிருந்து ஆராய்ந்தார். ஸூர்யனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பகுத்துப் பார்த்தபோது தென்பட்ட மஞ்சள் கோடு, அதுவரை பூமியில் யாரும் அறியாத ஒரு தனிமத்திற்கு உரியது என்று பின்னர் உணர்ந்தனர். ஹீலியம் என்று அதற்குப் பெயரிட்டனர். 1895இல்தான் ராம்ஸே என்பவர் அதைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். அன்று ஆந்த்ர தேசத்தில் ஒரு பக்கம் ஆற்றிலே நின்று தர்ப்பணம் செய்தவர்கள்; மறுபக்கம் கருவியோடு நின்றவர்கள். இருவருக்கும் மேலே இருட்டியது ஒரே ஸூர்யன். கருவியோடு நின்றவருக்கு ஹீலியம் கிடைத்தது. பித்ருக்களுக்கு நாம் பட்ட கடன் என்ன என்பதை அக்கருவி சொல்லவில்லை. சொல்ல அது வரவுமில்லை. நீரிலே நின்றவருக்கு ஹீலியம் தெரியாது. தெரியாமை அவருடைய தர்ப்பணத்தைக் குறைக்கவுமில்லை.

வங்கியிற் பணியாற்றிய அடியார்கள் அறிவர்: பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் இரண்டு அதிகாரிகளிடம் இருக்கும். ஒருவர் தம் சாவியை மட்டும் கொண்டு திறக்கவியலாது. ஒருவர் சாவியை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது பெருங்குற்றம். அன்றிரவு நாம் செய்த பிழை இதுவே. மருந்தும் பட்டினியும் ஓர் உடலில் என்ன செய்யும் என்பது ப்ரத்யக்ஷத்திற்கும் அநுமானத்திற்கும் உரிய விஷயம். வைத்யர் பிடிக்க வேண்டிய சாவி. கிரஹண காலத்தில் ஸ்நானம், ஜபம், தானம், தர்ப்பணம் செய்யவேண்டும் என்பதும், அதற்கு அத்ருஷ்ட பலன் உண்டு என்பதும் சாஸ்த்ரம் ஒன்றினாலேயே அறிய வேண்டுபவை. நாம் ஒரு சாவியை வைத்துக்கொண்டு இரண்டு பூட்டையும் திறக்கப் பார்த்தோம்.

அதைவிட வெட்கத்திற்குரியது ஒன்று உண்டு. மறுநாள் அதே பஞ்சாங்கத்தை எடுத்து முழுவதும் படித்தோம். மூன்று யாமம் என்ற விதியை அடுத்து, பாலர், வ்ருத்தர், நோயாளிகள் ஆகியோருக்கு அவ்விதி தளர்த்தப்பட்டிருந்தது. நம் தமக்கையார் வ்ருத்தர், நோயாளியும்கூட. சாஸ்த்ரம் அவரை முன்பே நினைத்திருந்தது, நாம்தான் நினைக்கவில்லை. கடன் பத்திரத்தின் முதற் பக்கத்தை மட்டும் வாசித்துக் கையொப்பம் இடுவோரை எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறோம்! அன்று நாமே அதைச் செய்தோம். சாஸ்த்ரத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் மோதல் என்று மருமான் கண்டது, உண்மையில் சாஸ்த்ரத்திற்கும் நம் அரைகுறை வாசிப்பிற்கும் நேர்ந்த மோதல்.

இதைச் சொன்னபோது மருமான் விடவில்லை. "மாமா, அந்த விலக்கு எழுதப்படாமல் இருந்திருந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார். நியாயமான சங்கை. சரிப்படும் இடங்களை மட்டும் காட்டித் தப்பித்துக்கொள்வது நேர்மையன்று. நமக்குத் தோன்றும் ஸமாதானம் இது: நம் ஸித்தாந்தத்தில் ஆத்மாவும் அவனுடையது, அது சுமக்கும் சரீரமும் அவனுடையது. நாம் சேஷபூதர். நகைக்கடனுக்காக வங்கியில் வைத்த ஆபரணத்தைப் பாதுகாப்பது அதிகாரியின் கடமை. அழிக்க அவருக்கு உரிமை இல்லை. பிறருடைய சரீரத்தைப் பற்றி, அதுவும் நம் சொல்லை நம்பியிருப்பவரின் சரீரத்தைப் பற்றி, இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். கண்முன் ஒருவர் நினைவிழக்கும்போது நியமத்தைப் பற்றிச் சங்கை வந்தால், அவனுடைய பொருளைக் காப்பதே கைங்கர்யம். விலக்கு எழுதப்படாதிருந்தாலும் அந்தச் சர்க்கரை நீரை நாம் கொடுத்திருப்போம். கொடுத்தபின் எம்பெருமானிடம் க்ஷமை வேண்டியிருப்போம். இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

இன்னும் கடினமான இடம் ஒன்றுண்டு. ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் லோகங்களின் அமைப்பைச் சொல்லுமிடத்து, சந்த்ர மண்டலம் ஸூர்ய மண்டலத்திற்கு மேலே உள்ளதாக வர்ணிக்கப்படுகிறது. ஸூர்யனை மறைக்க வேண்டுமாயின் சந்த்ரன் நமக்கும் ஸூர்யனுக்கும் நடுவில் வந்தாக வேண்டும். இரண்டையும் எழுத்தளவிற் பொருத்த நம்மால் இயலவில்லை. அக்காலத்து ஜ்யோதிஷ ஸித்தாந்திகளும் தம் கணிதத்தில் சந்த்ரனை அருகிலேயே வைத்தனர். வேறுவிதமாக ஸமாதானம் சொல்லும் பெரியோர்கள் உளர். அவர்களை நாம் மறுக்க வரவில்லை. புராணத்தின் தாத்பர்யம் தூரத்தை அளப்பதன்று. அவனுடைய விபூதியின் விரிவை நம் உள்ளத்தில் இருத்துவதே என்று கொள்வது நமக்கு நிறைவளிக்கிறது.

அப்படியானால், வசதிப்படாதவற்றையெல்லாம் தாத்பர்யம் என்று தள்ளிவிடலாமோ? தள்ளிக்கொண்டே போனால் முடிவில் மிஞ்சுவது என்ன? இதற்கு எல்லை வேண்டும். எல்லையும் முன்னரே சொல்லப்பட்டது. கண்ணுக்கும் ஊகத்திற்கும் எட்டும் விஷயமாயின், அங்கே அவற்றின் சாக்ஷ்யத்திற்கு இடம் கொடுக்கிறோம். எட்டாத விஷயங்களாகிய அவனுடைய ஸ்வரூபம், கல்யாண குணங்கள், ஆத்மா அவனுக்குச் சேஷமாயிருக்கை, சரணமடைந்தாரை அவன் கைவிடாமை ஆகியவற்றில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவற்றை மறுக்க எந்தக் கருவியும் இதுவரை சோதனை செய்ததில்லை. செய்யும் வகையும் இல்லை.

விஞ்ஞானமும் ஒருவகையில் நம்பிக்கையே அன்றோ என்று சிலர் கேட்பர். ஓரளவு உண்மை. சந்த்ரனின் தூரத்தை நாம் அளந்ததில்லை. அளந்தவர் சொல்லைக் கேட்டு ஏற்கிறோம். ஆனால் வேறுபாட்டை மறைக்கலாகாது. அவர் சொன்னதை, விரும்பினால், எவரும் மீண்டும் அளந்து பார்க்கலாம். 9 மணி 57 நிமிஷத்திற்கு மாடிக்குச் சென்றால் வானமே பதில் சொல்லிவிடும். சரணாகதியின் அங்கங்களுள் ஒன்றான மஹாவிச்வாஸம் அத்தகையதன்று. ரக்ஷிப்பான் என்ற துணிவு, சோதித்துப் பார்த்துப் பின் கொள்ளும் முடிவு ஆகாது. இரண்டையும் விச்வாஸம் என்ற ஒரே சொல்லால் வழங்குவதாலேயே பாதிக் குழப்பம் விளைகிறது.

ஸ்ரீராமாயணத்தில் விபீஷணாழ்வான் சரணம் என்று வந்து வானத்தில் நின்ற கட்டத்தை அடியார்கள் நினைவு கூரவேண்டும். ஸுக்ரீவ மஹாராஜர் இவன் பகைவன், கொல்லத்தக்கவன் என்றார். அங்கதன் சோதித்தறிய வேண்டும் என்றான். ஜாம்பவான் இடமும் காலமும் ஐயத்திற்குரியன என்றார். திருவடியோ அவனுடைய பேச்சையும் முகத்தையும் நோக்கி, தீய எண்ணத்தின் அடையாளம் இல்லை என்று ஊகித்துச் சொன்னார். பெருமாள் இவர்களுள் ஒருவரையும் வாயடைக்கவில்லை. ஒவ்வொருவருடைய ஆராய்ச்சியையும் கேட்டருளினார். ஆயினும் முடிவில் அவர் அபயம் அளித்தது, ஆராய்ச்சியில் விபீஷணன் தேறினான் என்பதற்காக அன்று. குற்றமுள்ளவனாயினும் அடைந்தவனைக் கைவிடேன் என்ற தம் வ்ரதத்திற்காக. அந்த வ்ரதம் எந்த ஆராய்ச்சியின் முடிவிலும் கிடைக்காதது. அதுவே நமக்குப் புகல். ஆராய்வது திருமுன்பே நடக்கலாம். அதைப் பெருமாள் தடுக்கவில்லை. அபயம் அவரிடமிருந்தே வரவேண்டும். அதை ஆராய்ச்சி தராது.

இவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் மீண்டும் ஒரு சந்த்ர கிரஹணம். நம் தேசத்தில் மாலையில் சந்த்ரன் உதிக்கும்போதே கிரஹணம் பிடித்திருந்தது. 6 மணி 47 நிமிஷத்திற்கு மோக்ஷம். உறவினர்களுக்கு வழக்கம்போல் நேரக் குறிப்பை எழுதி அனுப்பும் பணி நம்முடையதாயிற்று. இம்முறை நேரங்களை எழுதுமுன், முதல் வரியாக, பாலர், வ்ருத்தர், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் பட்டினி இருக்க வேண்டா. மருந்து உட்கொள்வோர் தம் வைத்யர் சொற்படி அமுது செய்க என்று எழுதினோம். அதன் கீழேதான் ஸ்பர்சமும் மோக்ஷமும்.

தமக்கையார் நம்மை அழைத்தார். அமுது செய்தால் தோஷமில்லையே என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றோம். உரிய வேளையில் ததியன்னம் அமுது செய்து, மாலையில் கோயிலாழ்வார் முன்பு அமர்ந்து, மோக்ஷ காலம் வரை திருநாமத்தை அநுஸந்தித்துக் கொண்டிருந்தார் என்று மருமான் சொன்னார். அவர் தர்ப்பணத்தை முடித்துவிட்டு, அடுத்த கேள்வியோடு தயாராக இருந்தார். கேட்கட்டும். கேட்பவர் நம் க்ருஹத்தில் இருப்பது நமக்கு ஒரு பாக்யம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.